மிகும் இல்லாத பதிவு

சுன்சோன் ஊரில் நூடுல்ஸ் கடை ஒன்றில் வேலை பார்த்தவள் பியோ மிகும். வயது நாற்பத்து நான்கு. தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்னும் தந்தி வாத்தியத்தை முதுகில் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் இன்ஜே பள்ளத்தாக்கில் ஏறி இறங்கியவள். கூட வருபவர் கல்லூரியில் அவளுக்கு மூத்தவரான சொக் கியோங்தே. அவர் கையில் கிட்டாரும் மைக்குகளும் இருக்கும். ஓடைக்கரையில் உட்கார்ந்து இருவரும் வாசிப்பதைப் பதிவுசெய்து இணையத்தில் போடுவார்கள்.

வெட்டவெளியில் பேஸின் சத்தம் எங்கோ போய்விடும்; மோதித் திரும்ப அங்கே சுவர் ஏது? அதனால் மிகும் தந்தியை அழுத்தி அழுத்தி இழுப்பாள். விரல் நுனியில் கொப்புளம் ஆறிய நாளே கிடையாது. தண்ணீர் இரைச்சல் எங்கே அடங்கும், எந்தப் பாறை மறைவில் காற்று படாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பதிவை லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். கடையில் மாவு பிசைந்துகொண்டே அவளும் போட்டுக் கேட்டாள். கிட்டார் இருந்தது, ஓடை இருந்தது, குருவிகூட இருந்தது. அவள் இல்லை.

மாவுக் கையோடு போன் செய்தாள்.

“அண்ணா, என்னைத் தூக்கிட்டீங்களா?”

“கோவிச்சுக்காத மிகும். எல்லாரும் போன்லதான் கேக்குறாங்க. அதுல உன் பேஸ் வெறும் கொர்ருன்னு இரையுது. அதான் வெட்டிட்டேன்.”

“இதச் சொல்லப் பதினோரு வருஷமா?”

“சரி, விடு. சனிக்கிழமை வரியா? பனி விழுறதுக்குள்ள இன்னொண்ணு எடுத்துடணும். அந்தப் பாறை எங்கன்னு எனக்குப் பிடிபடல.”

தன்னையே திட்டிக்கொண்டு, வெறுங்கையோடு போனாள். பாறையைக் காட்டினாள்.

“அசையாம உக்காரு. சரளைக்கல் சத்தம் போடும்” என்றார் அவர்.

பாதிப் பாட்டுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். கற்கள் நொறுநொறுவென்று அரைபட, ஒவ்வோர் அடியாக ஊன்றி வைத்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குஷி.

“மிகும், அதை அப்படியே போட்டுட்டேன். நீ நடந்து போற சத்தம்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு! அடுத்த தடவையும் வந்து நடக்கிறியா?”

“உங்களுக்குக் கால் இல்லையா? நீங்களே நடங்க.”

அந்த மாதமே பேஸை ஒரு தேவாலயத்துக்கு விற்றாள். எடுத்துப்போக வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். அன்றைக்குக் கடையில் கூட்டம் நெரியும் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை.