டானியலுக்கு நிச்சயமான கதை

டானியல் போய்விட்டார்.

காலையில் அவருடைய மனைவி ரூபி, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி, டெலிபோன் கோல் எடுத்து, "காக்கா, உங்கட கூட்டாளி..." என்றா.

தொண்ணூறுகளில் கல்முனையில் எங்களுக்கு ஒரே கந்தோரில் வேலை, ஒரே மேசை. அவர் கிறிஸ்தவர், நான் முஸ்லிம், மேசை அரசாங்கத்தினுடையது.

ஒரு திங்கட்கிழமை, மட்டக்களப்பில் ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்தவரின் முகத்தில் ஆயிரம் வோட்ஸ் பல்ப் எரிந்தது. "காக்கா, எனக்கு நிச்சயமாயிட்டு!"

அவர் சொன்னது இரட்சிப்பின் நிச்சயம். செத்தால் மோட்சம் உறுதி என்று மனதில் விழுந்த திடம். எனக்குக் கேட்டதோ... கலியாண நிச்சயம்.

மிச்சத்தைக் கேட்க எனக்கு ஏது பொறுமை! பகல் சாப்பாட்டுக்கு முன் சம்மாந்துறை வரை அறிவித்துவிட்டேன். பெண் மட்டக்களப்பு. சீதனம் பத்து ஏக்கர் வயல், இரண்டு டிராக்டர், ஒரு யானை. யானையை மட்டும் பின்னேரம் வாபஸ் வாங்கினேன்.

அதே நேரம் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் ரூபியை அவருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது, சத்தியமாக. என் டிராக்டர் இரண்டும் பாண்டிருப்புக்குப் போய்ச் சேர்ந்தன. ரூபியின் தகப்பன் பேச்சை முறித்துவிட்டார்.

டானியல் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், அறபா நோன்பு. பிடித்தால் போன வருடப் பாவத்துக்கும் வருகிற வருடப் பாவத்துக்கும் மன்னிப்பு என்பது எங்கள் நம்பிக்கை. என் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய சலுகை உலகத்தில் இல்லை. ஆனால் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌலவி ஒன்று சொன்னார்: மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் பொருந்த வேண்டும், அதாவது மன்னிக்க வேண்டும். பள்ளிவாசலில் மூவாயிரம் பேர் இருக்க, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நேரே கந்தோர்.

"டானியல், பொருந்திக்கங்க. இல்லாட்டி என்ட நோன்பு வீணாப் போயிரும்."

"நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன் காக்கா."

"நான் கேக்க முதலேயா? அது எப்பிடி?"

"நான் கேக்க முதலே ஆண்டவர் எனக்கும் மன்னிப்புத் தந்தாரே. அதுதான் என்ட நிச்சயம்."

"சொர்க்கம் உறுதியெண்டா சொல்றீங்க? ஒரு இன்ஷா அல்லாஹ்வாவது போடுங்க மனிசன்!"

"போட மாட்டன்." சிரித்தார்.

"அப்ப ரூபி?"

சிரிப்பு நின்றது. "அதுதான் காக்கா தெரியா..."

சொர்க்கத்தில் இடம் பிடித்த மனிதருக்குப் பாண்டிருப்பில் இடமில்லை! காரணம் நான்.

சைக்கிளை எடுத்தேன். தமிழர் முஸ்லிம் ஊருக்குள்ளும் முஸ்லிம்கள் தமிழ் ஊருக்குள்ளும் போக இரண்டு முறை யோசித்த வருடங்கள் அவை. வெயில் என்றால், காகம் கூட நிழலைத் தேடி நடந்துதான் போனது.

ரூபியின் தகப்பன் என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு செவ்விளநீர் வெட்டினார்.

"வேணாம் ஐயா, நோன்பு."

"இந்த வெயில்ல, நோன்போடயா வந்த நீங்க?"

"ஓம். டானியலுக்கு எங்கயும் பேசல்ல. டிராக்டர், வயல் எல்லாம் நான் கட்டின கதை."

கத்தியைக் கீழே வைத்தார். "நோன்போட வந்து பொய் சொல்லமாட்டீங்க. அப்ப பொடியனுக்கு ஒண்டும் நிச்சயமாகல்லயா?"

"சொர்க்கத்தோட மட்டும் ஆயிருக்கு ஐயா!"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். ரூபி.

ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளைத் தோழன் நானென்று ஊரில் சொல்லித் திரிந்தேன். உண்மையில் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன்.

இன்றைக்கு ரூபி வீட்டில், மரண வீடல்லவா, அடுப்பு எரியாது. எங்கள் வீட்டில் நானூறு பேருக்குச் சோறு வேகிறது... சரி, நாற்பது. நானே கொண்டுபோகிறேன், அதே பாண்டிருப்பு வீட்டுக்கு.

போயிட்டு வாங்க டானியல். தங்கச்சியைச் சாப்பிட வைக்கிறது என்ட பொறுப்பு.