சோதனைக்காக எழுதிக் கொடுத்த குறிப்பு

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்தபோது நான் அதிகம் எழுதிய வாக்கியம், 'தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெறுவது என் நெடுநாள் கனவு' என்பது. ஆங்கிலத்தில் எழுதினேன். ஐதராபாத், பெங்களூர், மும்பை என்று எந்த லா ஃபர்முக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் அனுப்பினாலும் அதுதான் முதல் வரி. அந்த ஃபர்ம்களில் பாதியின் பெயரே எனக்கு அதற்கு முந்தின வாரம்தான் தெரியும். மெயிலை அனுப்பிவிட்டு, வாயில் ஏதோ ஊசிப்போனதை வைத்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அனுப்பாமல் இருக்க முடியாது. பெரிய ஃபர்ம்களில் படிப்பு முடிந்ததும் நேராகப் போய் வேலை கேட்பது என்று ஒன்று கிடையாது. நான்காம் ஆண்டில் யார் அங்கே சில வாரம் சம்பளமில்லாமல் உழைத்து, பெரியவர்கள் கண்ணில் பட்டார்களோ அவர்களைத்தான் எடுப்பார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழிகள் இருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்குள் போய் முழுதாக வெளியே வந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பா இங்கே ஐதராபாத்தில், ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரை ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா போலாரத்தில் ஒரு பங்களாவில் சமையல். இந்தக் கதவு திறக்காவிட்டால் நான் வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்று காசு பார்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று எங்களுக்குச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

அம்மாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை.

"சம்பளம் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குடா இவ்ளோ கெஞ்சற? சம்பளம் இல்லாம வேலை செய்யறேன்னு சொன்னா நம்ம தெருவுல எவன் வேணாம்பான்?"

மெயிலுக்குப் பதில் வரவில்லை என்று இரண்டு மூன்று ஆபீசுகளுக்கு நேரிலேயே போனேன். லோத்குண்டாவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், கண்ணாடிக் கட்டடத்தின் கீழே சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, மாடி ஏறினால் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "த்ரூ யாரு?" யார் மூலமாக வந்திருக்கிறாய் என்று அர்த்தம். நானே வந்தேன் என்று சொன்னால் ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சி.வி.யை வாங்கி, வாங்கிய கையோடு ஒரு டிரேயில் போடுவாள். அந்த டிரேயில் எப்போதும் நிறையக் காகிதம் இருக்கும். பிரித்த அடையாளமே இருக்காது.

என் வகுப்பில் ஒரு சிநேகிதன். செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவனுடைய அப்பா பாங்க் மேனேஜர். அவனுடைய தமிழில் பாதி ஹிந்தியும் தெலுங்கும் இருக்கும். ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. அவன் ஒரே மெயிலை எல்லா ஃபர்முக்கும் அனுப்புவான். ஒருமுறை பெயரை மாற்ற மறந்து ஒரு ஃபர்முக்கு இன்னொரு ஃபர்மின் பெயரில் நெடுநாள் கனவை அனுப்பிவிட்டான். அதற்கும் பதில் வந்தது. அவனுடைய சித்தப்பா அங்கே யாருடனோ கோல்ஃப் ஆடுகிறவர்.

"கைக்கு இவ்ளோ டென்ஷன் மச்சா," என்பான். "அவங்க படிக்கவே மாட்டாங்க. நீ ஒவ்வொரு மெயிலுக்கும் பரீட்சை எழுதற மாதிரி எழுதற."

"எனக்கு சித்தப்பா இல்லையே."

"ஹவ், அதுவும் இருக்கு," என்று உண்மையான வருத்தத்தோடு ஒப்புக்கொள்வான்.

கடைசியில் ஒரு ஃபர்மிலிருந்து பதில் வந்தது. தொழிலாளர் சட்டத்தில் பெயர் பெற்ற இடம். நேர்காணலுக்கு முன் ஒரு சோதனை உண்டு, ஒரு கேள்விக்குக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும் என்று சொன்னார்கள். கேள்வி இது: ஒரு ஃபேக்டரியில் காண்ட்ராக்டர் மூலமாக வேலை பார்க்கிற ஆட்களை, எப்போது கோர்ட் கம்பெனியின் சொந்த ஆட்கள் என்று சொல்லும்?

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்த கோடையில் அப்பா வேலை பார்க்கிற ஃபேக்டரியிலேயே நானும் பேக்கிங்கில் இருந்தேன். நான் இருந்தபோதே காண்ட்ராக்டர் மாறினார். ஒருநாள் காலை கேட்டில் புதிதாக ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புதிய அட்டை கொடுத்தான். அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையின் நிறம் பச்சையிலிருந்து ஆரஞ்சு ஆனது. கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போய், நேற்று நின்ற அதே மெஷினில் நின்றோம். அதே லாக்கர், கம்பெனி ஸ்டோரில் வாங்கிய அதே ஷூ, லீவு கேட்க அதே கம்பெனி சூப்பர்வைசர். அப்பாவுக்கு அப்படி எத்தனையோ நிறம் மாறியிருக்கிறது. காகிதத்தில் அவர் எப்போதும் புது ஆள்.

தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். யார் வேலை வாங்குகிறார்கள், யார் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் கோர்ட் பார்க்கிறது. அதற்குக் கீழே நான் பார்த்ததை எல்லாம் வரிசையாக எழுதினேன். லாக்கர் மாறவில்லை என்றால், ஷூ கம்பெனியுடையது என்றால், லீவு கொடுப்பவர் கம்பெனி ஆள் என்றால், நடுவில் இருக்கும் காண்ட்ராக்டர் வெறும் பெயர்தான், அவர்கள் கம்பெனியின் நிரந்தர ஆட்கள்தான் என்று முடித்தேன். அதைப் போல ஒன்றை அதற்கு முன் நான் எழுதியதில்லை. முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றை யாரோ என்னிடம் கேட்டிருந்தார்கள்.

அனுப்பினேன். பதில் இல்லை. கிடைத்தது என்று ஒரு வரிகூட இல்லை.

சில வாரம் கழித்து, கல்லூரி கேன்டீனில் சிநேகிதன் போனை என் பக்கம் நீட்டினான். "மச்சா, இது நீ எனக்குப் படிச்சுக் காட்டினதுதானே?"

அந்த ஃபர்மின் மாதச் செய்தி மடல். காண்ட்ராக்ட் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை என்று ஒரு கட்டுரை. கீழே ஒரு பார்ட்னரின் பெயரும் ஒரு ஜூனியர் வக்கீலின் பெயரும். தீர்ப்புகள் நான் அடுக்கிய வரிசையில் இருந்தன. லாக்கர், ஷூ, லீவு எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் திரும்பி நின்றது. காண்ட்ராக்டர் மாறும்போது லாக்கரையும் மாற்றிக் கொடுக்கவும். ஷூவைக் கம்பெனி ஸ்டோரிலிருந்து கொடுக்க வேண்டாம், காண்ட்ராக்டர் மூலமாகக் கொடுக்கவும். லீவு விண்ணப்பத்தில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடட்டும்.

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். எழுந்துபோய்க் கை கழுவும் இடத்தில் நின்றேன். என் எழுத்தைத் திருடிவிட்டார்கள் என்பது அப்போது தோன்றவே இல்லை. அப்பாவின் லாக்கரை நான்தான் போய்க் காட்டிக்கொடுத்தேன் என்பதுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஃபர்மிலிருந்து போன். பார்ட்னர் என்னைச் சந்திக்க விரும்புகிறாராம். என் குறிப்பு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனேன்.

பார்ட்னர் நல்ல மனிதர்போல் இருந்தார். வெயிலில் வந்திருக்கிறாய் என்று முதலில் தண்ணீர் கொடுத்தார். என் சி.வி.யில் தாய்மொழி பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா நீ? எந்த ஊருப்பா?"

"குடியாத்தம் பக்கம் சார். அப்பா சின்ன வயசுலயே இங்க வந்துட்டாரு. லோத்குண்டாவுல இருக்கோம்."

"அட. என் மாமியார் வீடு வேலூர்தான். இங்க தமிழ் பேச ஆளே கெடைக்கறதில்லை." சாய்ந்து உட்கார்ந்தார். "உன் நோட் பிரமாதம். அந்த லாக்கர், ஷூ விஷயமெல்லாம் எங்க பசங்க எவனுக்கும் தோணலை. எங்கேர்ந்து புடிச்ச?"

"நான் ஃபேக்டரியில வேலை பாத்திருக்கேன் சார். எங்கப்பா இன்னமும் அங்கதான். காண்ட்ராக்ட்ல."

அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது, இன்னும் மலர்ந்தது.

"அதான் விஷயம். இங்க வர்ற பசங்களுக்கு ஃபேக்டரி கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாது. நீ உள்ளேர்ந்து வர்ற. க்ளையன்ட்டுக்கு உன்ன மாதிரி ஒருத்தன் தங்கம்ப்பா."

"சார், செய்தி மடல்ல வந்தது நான் எழுதினதுதானே?"

"அடிப்படை உன்னோடதுதான். நம்ம ஜூனியர் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கா."

"நான் எழுதினது, இதெல்லாம் இருந்தா அவங்க கம்பெனி ஆளுங்கதான்னு சார்."

"கரெக்ட். அதனாலதான் இதெல்லாம் இருக்கக் கூடாதுன்னு நாம சொல்றோம். சட்டம் ஒண்ணுதான் தம்பி, நாம உக்கார்ற சைடு வேற. அவ்வளவுதான். ஸ்டூடன்ட் பேரு போடற வழக்கம் இல்ல, அதை மட்டும் மனசுல வெச்சுக்காத."

அவர் குரலில் கள்ளமே இல்லை. எனக்கு டீ வரவழைத்தார், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் என்னைத் துரத்தியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் என்றார். ஜீடிமெட்லாவில் சில மருந்து ஃபேக்டரிகள் அவருடைய க்ளையன்ட். அங்கே ஜூனியரோடு போய், காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் இன்னும் என்னென்ன மாற்ற வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை. வாயால் சொன்னார், ஆனால் சொன்னதைச் செய்கிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்துவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா காலை ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குளித்தாலும் அந்த மருந்து வாடை அவர் மேலிருந்து போகாது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். மற்ற எதையும்விட ஷூ விஷயம்தான் அவருக்கு உறைத்தது.

"ஷூவை மாத்தச் சொல்றாங்களா?"

"ஆமா நைனா. இனிமே காண்ட்ராக்டர்தான் குடுக்கணும்னு."

"அப்ப குடுக்க மாட்டான்," என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அம்மாதான் விடவில்லை. "நீ போவலைன்னா அவங்க நிறுத்திடுவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க."

"அப்புறம் இன்னாடா? எவனோ ஒருத்தன் போயி செய்யத்தான் போறான். அந்தச் சோத்தை நீ துன்னா இன்னா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று என்னைப் படிக்கவைத்தவள் அவள்.

அப்பா கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று கேட்டார். "நீ அந்தச் சாருங்ககூட எங்க ஃபேக்டரிக்கு வந்தா, நான் எதுக்க வந்தா இன்னா பண்றது? பேசலாமா, கண்டுக்காத மாரி பூடணுமா?"

குத்திக் கேட்கவில்லை. நான் போவேன் என்றே நினைத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை, என்னால் வர இயலாது, நன்றி என்று மெயில் எழுதினேன். நான் அனுப்பிய மெயில்களிலேயே பொய் இல்லாதது அதுதான். நன்றி என்ற சொல்லைத் தவிர. உடனே பதில் வந்தது. இத்தனை மாதத்தில் எந்த ஃபர்மும் அவ்வளவு சீக்கிரம் எனக்குப் பதில் போட்டதில்லை. தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று இருந்தது.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். வேறு ஃபர்ம்களுக்கு மறுபடி மெயில் அனுப்பத் தொடங்கினேன். ஒன்றும் வரவில்லை. அந்த வருஷம் எந்த ஃபர்மிலும் நான் இன்டர்ன் ஆகவில்லை. அதனால் அடுத்த வருஷம் எந்த ஃபர்மும் வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நான் விட்ட இடம் சிநேகிதனுக்குக் கிடைத்தது. அவனே வந்து சொன்னான். "நீ வேணாம்னதுக்கு அப்புறம்தான் அப்ளை பண்ணேன் மச்சா. தப்பா நெனைக்க நக்கோ." நினைக்கவில்லை. அவன் எதையும் பறித்துக்கொள்ளவில்லை. இப்போது அவனுக்கு அங்கேதான் வேலை.

அவன் இன்டர்ன்ஷிப் போய் இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது போன் செய்தான். பின்னால் ஏ.சி.யின் இரைச்சல் கேட்டது.

"மச்சா, ஒரு டவுட்டு. ஷிஃப்ட் பஸ்ல பர்மனென்ட் ஆளுங்களும் காண்ட்ராக்ட் ஆளுங்களும் ஒண்ணா ஏறுவாங்களா, தனித்தனியா?"

"தெரியாது."

"பொய் சொல்ல நக்கோ. உனக்குத் தெரியும்."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"கைக்கு?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் யார்கிட்டயும் நீ சொன்னேன்னு சொல்ல மாட்டேன். நோட் நாளைக்குக் குடுக்கணும் மச்சா."

"காலையில கேட்டுல நின்னா தெரிஞ்சுடும். நீயே போய்ப் பாத்துக்க."

கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"ஹவ், அதுவும் சரிதான்," என்றான். "நேர்ல பாத்தேன்னு எழுதினா சாருக்கு இன்னும் புடிக்கும்." தேங்க்ஸ் மச்சா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.