தொப்பிக்குப் போன கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டி ஏறினேன். ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். டிக்கெட் நூற்று அறுபத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மட்டைப் பையைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டேன். அதில் இருந்தது பயிற்சிக்குப் பந்து அடித்துக் கொடுக்கும் ஒல்லியான மட்டை, கூடவே ஒரு டஜன் பழைய பந்துகள். தொப்பி இல்லை. நான் தொப்பி போடுவதை விட்டு ஆறு வருடமாகிறது. மைதானத்திலேயே கிடக்கும் ஒருவன் மொட்டை வெயிலில் வெறுந்தலையோடு நிற்பதைப் பார்த்து எங்கள் கல்லூரியில் ஸ்டைல் என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். தருமபுரியில் ஏறிய பெரியவர் ஒருவர் மாம்பழக் கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் மத்தூர், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாராம். மட்டைப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரிக்கெட் கோச்சுங்களா?"

"பேஸ்பாலுங்க. காலேஜ் பொண்ணுங்க டீம். நான் உதவிக் கோச்."

"அதுவும் மட்டைதானே."

"மட்டைதான். ஆனா நான் மட்டைக்கு இல்லைங்க. உள்ள நின்னு பந்து பிடிக்கிறாங்களே, அவங்களுக்கு."

"பிடிக்கிறதுக்குன்னு தனியா ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

கொடுக்கிறார்கள், கொஞ்சம். பதினோரு வருடமாக அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அணியில் தலைமைப் பயிற்சியாளர் பெரிய சார். நான் சின்ன சார். பந்து வீசுவதும் அடிப்பதும் அவர் பொறுப்பு. ஓட்டக்காரிகள் தொட்டு ஓடும் மூலைகளான பேஸ்களை ஒட்டி நிற்கும் நான்கு பேர், அதாவது இன்ஃபீல்டு, என் பொறுப்பு. காலையில் தரையில் கல் பொறுக்குவதில் வேலை தொடங்கும். முழங்காலை மடக்கு, கிளவுஸ் மண்ணைத் தொடட்டும், பந்து கைக்குள் போகிறவரை கண்ணை எடுக்காதே. இதையே ஆயிரம் தடவை சொல்வதுதான் என் தொழில். அந்த ஆயிரத்தையும் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளாமல் கேட்டவள் ஒருத்தி உண்டு. அவளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மஞ்சுளா பாகலூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றாள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே உள்ள இடம் அது. அதிகமான பந்து வரும் இடம். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். விடுதியில் கூடத் தங்கியிருக்கும் பெண்களைச் சேர்த்து ஓர் அணி கட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி அணியோடு ஆட்டம். "ஒரு நாள் வந்து இன்ஃபீல்டை மட்டும் பார்த்துட்டுப் போங்க சார்" என்று போனில் கேட்டாள். வருகிறேன் என்றேன். அவளிடம் சொல்லவேண்டியது ஒன்று ஆறு வருடமாக என்னிடம் தங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வண்டி ஏறினேன்.

நடந்தது இதுதான். அவளுடைய கடைசி வருடத்தின் இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று; நாங்கள் ஒரு ஓட்டம் முன்னிலை. எதிரணிக்கு ஒருத்தி அவுட்; இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஓட்டக்காரிகள். "நம்ம பொண்ணுங்க பின்னாலயே நிக்கட்டும்" என்றார் பெரிய சார். ஒரு ஓட்டம் போய்ச் சமமானாலும் பரவாயில்லை, இன்னோர் அவுட் எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. அதைச் சைகையில் சொல்வது என் வேலை. பெல்ட்டைத் தொட்டால் பின்னால் நில். தொப்பியைத் தொட்டால் முன்னால் வா. பார்த்ததற்கு அடையாளமாக ஷார்ட்ஸ்டாப் தன் உடம்பில் அதே இடத்தைத் தொட்டுத் திருப்பிக் காட்ட வேண்டும். அன்று நல்ல வெயில். பெல்ட்டைத் தொடுவதற்கு முன் வியர்வை துடைக்கத் தொப்பியைத் தூக்கினேன். அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு மஞ்சுளா மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அடுத்த பந்து அவள் கைக்கு எட்டாமல் பக்கத்திலேயே பறந்தது. பத்தடி பின்னால் நின்றிருந்தால் சுலபமாகப் பிடித்திருப்பாள். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தோற்றோம். பந்து அவளைத் தாண்டிய பிறகுதான் என் கை எங்கே போயிருந்தது என்பது எனக்கு உறைத்தது.

"யார் முன்னால வரச் சொன்னது?" என்று பெரிய சார் கத்தினார். மஞ்சுளா என்னைப் பார்த்தாள். "நான் பெல்ட்டைத்தான் தொட்டேன்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் கிளவுஸைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். அடுத்த வாரம் மாநில அணித் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.

கிருஷ்ணகிரியில் டீ பன்னிரண்டு ரூபாய். சூளகிரி தாண்டும்போது கொத்தமல்லிக் கட்டு ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. பிறகு இரண்டு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள். ஒன்பது பத்துக்கு ஓசூர். பெரியவர் கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்து, "பிடிக்கிறவருக்கு" என்று சிரித்துவிட்டு இறங்கினார்.

அங்கிருந்து மத்திகிரி ஏழு கிலோமீட்டர்; ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநர் போனில் கன்னடத்தில் பேசி, முன் இருக்கைக்காரரிடம் தெலுங்கில் சில்லறை கேட்டு, என்னிடம் தமிழில் "எங்க சார் இறங்கணும்?" என்றார். கால்நடைப் பண்ணையைத் தாண்டி மஞ்சுளா சொன்ன அடையாளத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணுங்க பந்து ஆடற லேஅவுட்டா? அப்படிச் சொல்லுங்க."

விற்காத வீட்டுமனைகள்தான் அவர்களுடைய மைதானம். மஞ்சள் பூசிய எல்லைக்கல் வரிசை வரிசையாக நிற்கிறது. மனையின் அகலம் முப்பதடி. மூன்று மனை சேர்ந்தால் தொண்ணூறு அடி. பேஸுக்குப் பேஸ் சரியான தூரம் அதுதான். டேப் இல்லாமல் மைதானம் அளந்திருக்கிறாள் மஞ்சுளா. நடுவில் இருந்த கற்களை மட்டும் மனைக்காரரிடம் கேட்டுப் பிடுங்கிவிட்டு, குழியை மண் போட்டு மூடியிருக்கிறாள். தரையில் ஒரு பொடிக்கல் கிடையாது. நான் வருவதற்காகக் காலை ஆறு மணிக்கே பொறுக்கினார்களாம்.

பதினோரு பெண்கள், ஆறு கிளவுஸ். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் நான்கு பேர். மஞ்சுளா கொஞ்சம் மெலிந்திருந்தாள். முதலில் கேட்டதே, "ஏன் சார், தொப்பி போடலையா?" என்றுதான். வியர்க்கிறது என்று ஏதோ உளறினேன். இசக்கி என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பொன்னாடை எடுத்து எனக்குப் போர்த்தினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மூன்றாவது பேஸில் நிற்பவள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஜிகினாத் துணி என் கழுத்தை அறுத்தது. கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றேன்.

மஞ்சுளா எல்லோரையும் எல்லைக்கற்கள் மேல் உட்காரவைத்துப் பேசினாள்.

"எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் சாரு சொல்லிக்குடுத்தது. நான் பண்ணின ஒரு தப்பை உங்களுக்குத் தெனமும் சொல்றேனில்ல, சைகையைத் தப்பாப் பார்த்து பைனல்ல டீமையே தோக்கடிச்சேன்னு, அது சாரு நின்ன மேட்ச்தான். அதுக்கு அவரு என்னை ஒரு வார்த்தை திட்டல. அதனாலதான் சொல்றேன், சைகை வந்தா ரெண்டு தடவ பாருங்க."

தினமும் சொல்கிறாளாம். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு இதைக் கேட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றுதான் என் வாய் சொன்னது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இரண்டு மணி நேரம் பந்து அடித்துக் கொடுத்தேன். நன்றாகப் பிடித்தார்கள். முழங்கால் மடங்கிற்று, கிளவுஸ் மண்ணைத் தொட்டது. என் சொற்களை அவள் வாயால் கேட்டு வளர்ந்த பெண்கள்.

பன்னிரண்டரைக்கு விடுதியிலிருந்து தக்காளி சாதம் வந்தது. மஞ்சுளா தனியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னேன்.

"மஞ்சுளா, அன்னைக்கு நீ தப்பாப் பார்க்கல. என் கை தொப்பிக்குத்தான் போச்சு. பெல்ட்டைத் தொட்டேன்னு பெரிய சார்கிட்ட நான் சொன்னது பொய்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்ப எடுத்து மூடினாள்.

"அன்னைக்கே தெரியுமா சார்?"

"தெரியும்."

"நான் எத்தனை தடவ நினைச்சுப் பார்த்திருப்பேன். தொப்பிதான் தொட்டாரு, தொப்பிதான் தொட்டாருன்னு. அப்புறம் சாரு பொய் சொல்ல மாட்டாரே, எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு விட்டேன். சைகைகூடப் பார்க்கத் தெரியாதவ எதுக்குன்னு செலக்‌ஷனுக்கும் போகல." டப்பாவைக் கல்லில் வைத்தாள். பிறகு எழுந்தாள். "எனக்கு மட்டும் சொன்னா பத்தாது சார். இவங்ககிட்ட நான் தெனமும் சொல்லியிருக்கேன். நீங்களே சொல்லிடுங்க."

பதினோரு பேர் முன்னால் சொன்னேன். மாணவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. இசக்கிதான் கேட்டாள்.

"அக்கா திருப்பிக் காட்டுனாங்களா சார்?"

"காட்டினா."

"எங்க தொட்டாங்க?"

"தொப்பியை."

"அதை நீங்க பார்த்தியளா?"

மேலே, பந்து தாண்டிய பிறகுதான் உறைத்தது என்று எழுதினேன். அது உண்மையில்லை. இத்தனை வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லி வந்தேன். இங்கே எழுத உட்கார்ந்தபோதும் அதுதான் முதலில் வந்தது. அடித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

"பார்த்தேன்" என்றேன். "கத்தி நிறுத்தியிருக்கலாம். நேரம் இருந்துச்சு. கத்தினா நான் குழப்பினது பெரிய சாருக்குத் தெரிஞ்சுடும்னு சும்மா இருந்துட்டேன். பந்து வேற பக்கம் போயிடும்னு நினைச்சேன்."

மஞ்சுளா தலையைத் திருப்பிக்கொண்டாள். இசக்கி என்னைப் பார்த்த பார்வையில் காலையில் இருந்த மரியாதை போயிருந்தது. அது நியாயம்தான்.

"கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றாள் மஞ்சுளா. "ஆனா அடுத்த மாசம் மேட்ச் இருக்கு. இன்னும் அம்பது பந்து அடிச்சுக் குடுங்க." அணியிடம் திரும்பினாள். "இனிமே நாம திருப்பிக் காட்டினா போதாது. அதைப் பார்த்துட்டு சைகை குடுத்தவங்க சரின்னு கையைத் தூக்கணும். தூக்கலன்னா ஆட்டத்தை நிறுத்து. யாரா இருந்தாலும் சரி."

அப்படியே ஐம்பது பந்து அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன் நான் சைகை காட்ட, அவள் திருப்பிக் காட்ட, நான் கையைத் தூக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கிளம்பினேன். பொன்னாடையை மடித்து இசக்கியிடம் நீட்டினேன். மஞ்சுளா குறுக்கே வந்தாள்.

"குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டோம். எடுத்துட்டுப் போங்க சார். பெரிய சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை." ஆட்டோவரை யாரும் வரவில்லை. பின்னால் பந்து கிளவுஸில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றரை வண்டியில் நடத்துநர் என் மடியைப் பார்த்து, "என்ன சார், பாராட்டு விழாவா?" என்றார். பொன்னாடையை மட்டைப் பைக்குள் திணித்தேன்.

கிருஷ்ணகிரியில் வண்டி பத்து நிமிடம் நின்றது. இறங்கிப் பெரிய சாருக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்தேன், இசக்கி கேட்டதையும் சேர்த்து.

"மேட்சுக்கு மறுநாள் காலையில அந்தப் பொண்ணு என் ரூமுக்கு வந்துச்சுப்பா" என்றார். "சின்ன சார் தொப்பியைத்தான் தொட்டாருன்னு நினைக்கிறேன் சார், எதுக்கும் ஒரு தடவ கேட்டுப் பாருங்கன்னு அழுதுச்சு. நான் என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? பழியை வாத்தியார் மேல போடாதேம்மா, அவரு அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொல்லி அனுப்பினேன்."

நடத்துநர் விசில் அடித்தார். ஏறி உட்கார்ந்தேன். எங்கள் மைதானம் அந்த லேஅவுட்டைவிட நல்ல மைதானம். புல் உண்டு, கிளவுஸ் எல்லோருக்கும் உண்டு. நாளை காலை ஆறு மணிக்குப் பதினாறு பெண்கள் வருவார்கள். வந்ததும் வரிசையாக நின்று என் கையைப் பார்ப்பார்கள். இன்றுவரை அவர்களில் ஒருத்திகூட நான் கையைத் தூக்கும்வரை காத்திருந்ததில்லை.