எட்டு மில்லி கேபிள்

கணினியில் சிடி டிரைவை இணைக்கும் கேபிளில் இரண்டு சாதி: பழையது நாடா போலப் பட்டை, புதியது ஒல்லி; ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. சாதி ஒழிய மேடையேறிய என்னால் இதை மட்டும் ஒழிக்க முடியவில்லை. என்னைப் போலக் கணினிச் சாமான் கடை வைத்து, கல்லாவுக்குப் பின்னால் நின்று நொந்தவர்களுக்கு என் வேதனை புரியும்.

எஸ்டேட் கூலிக்காகப் போடிமெட்டுச் சாலையை மறித்து நான் பேசிய பேச்சு ஒரு சிடியில் இருக்கிறது. மனப்பாடம் என்பதால் போட்டுப் பார்த்ததில்லை. இப்போது போடலாமென்றால், கீறல் விழுந்த அதைப் புது டிரைவ்கள் துப்பிவிட்டன. என் பழைய டிரைவ் எதையும் விழுங்கும். அதற்கான பட்டைக் கேபிள் ஒன்றுதான் மிச்சம். ஞாயிறு தொழிற்சங்கக் கூட்டத்தில் போட்டு, என்னை மறந்த தோழர்களுக்கு நான் யாரென்று காட்ட நினைத்தேன்.

முதல் தரம்

ஏலக்காய் வியாபாரி ஒருவர் புதுக் கணினிக்குக் கேபிள் கேட்டார். ஒல்லியானதை நீட்டினேன். காயை மில்லிமீட்டர் கணக்கில் சலித்து, பெரிய காய்க்கே பெரிய விலை போட்டுப் பழகிய கண் அவருக்கு. மேலே தொங்கிய பட்டையில் போய் நின்றது. அது உங்கள் பெட்டியில் நுழையாது, விற்பனைக்கும் இல்லை என்றேன். நல்ல சரக்கைப் பதுக்குகிறேன் என்றார். பதுக்கலை எதிர்த்துச் சிறைக்குப் போனவன் நான். ரோஷத்தில் கழற்றிக் கொடுத்து, நுழையாவிட்டால் திருப்பித் தரச் சொன்னேன். விரலால் அகலம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எட்டு மில்லி காய வச்சுக்கிட்டு ஆறு மில்லியக் காட்டுறீங்களே அண்ணே, போடியில எவன்ட்ட?”

தூக்குச்சட்டி

சனிக்கிழமை வரை கேபிள் திரும்பவில்லை. வியாபாரியின் குடோனுக்குப் போனேன். நுழையவில்லையாம்; சாமான் கட்ட நல்ல வார் என்று, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவரிடம் கொடுத்துவிட்டாராம். மலையிலிருந்து ஜீப்பு இறங்கும் வரை ஸ்டாண்டில் காத்துக் கிடந்தேன். வேலைக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டிகளை அதால் வரிசையாகக் கட்டியிருந்தார் அந்தக் கிழட்டு டிரைவர். மனசில்லாமல் அவிழ்த்தார்.

“அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் ஒரு சொட்டு ரசம் சிந்தலண்ணே. இதப் போயி பொட்டிக்குள்ள பூட்டப் போறீகளா?”

சங்கக் கூட்டம்

கேபிள் எதற்கென்று பார்க்க டிரைவரும் வந்துவிட்டார். ரச வாசனையோடு மாட்டினேன். டிரைவ் முக்கி முனகிப் படித்தது. திரையில் நான், கறுத்த மீசையும் உயர்த்திய கையுமாக. வாய் அசைகிறது. கேட்டதெல்லாம் நான் மறித்து நிறுத்திய ஜீப்புகளின் ஹாரன். கடைசிவரை ஹாரன்தான். தோழர்கள் ஒவ்வொருவராக டீ குடிக்க எழுந்து போனார்கள். டிரைவர் மட்டும் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“நடுவுல நீட்டி அடிக்கிறது நம்ம ஜீப்புண்ணே. என்ன தெளிவா விழுந்திருக்கு பாருங்க.”

பார்த்துப் பார்த்துத் தேர்ந்து மாட்டினாலும் கேபிள் வழியாக வருவது சிடியில் இருப்பதுதான், நான் பேசியதாகச் சொல்லித் திரிந்தது வராது.