கறுத்த முன்பல்

காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றபோது மேலுதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முன்பல்லுக்கு மேலே ஈறில் சின்னக் கொப்புளம். அந்தப் பல் கறுத்து வெகுகாலம் ஆகிறது. வலிக்காததால் விட்டுவிட்டேன். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான்.

சாங்வியில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பல் டாக்டர் இருக்கிறார். நாற்காலியில் படுத்த பிறகும் எனக்கு வாய் திறக்கக் கூச்சம். மனைவி மல்லிகா பொறுமை இழந்தாள்.

“தொறங்களேன். உள்ள என்ன தங்கமா வச்சிருக்கீங்க?”

டாக்டர் மேடம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பல்லில் எப்போதாவது அடிபட்டதா என்று இந்தியில் கேட்டார். மல்லிகா முந்திக்கொண்டாள்.

“அடிச்சதே நான்தான், மேடம்.”

அப்போது தாபோடியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அவள் கல்யாணமாகி வந்த புதிது. முற்றத்தில் ஹாப்சா (அடிகுழாய்) இருந்தது. அவள் மூச்சுவாங்க அடிப்பதைப் பார்த்து, கைப்பிடியை வாங்கிக்கொள்ளக் குனிந்தேன். அவள் அதற்குள் கையை விட்டுவிட்டாள். கைப்பிடி எகிறி என் முகத்தில் பட்டது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் அழுதாள். பிறகு தினமும் சோற்றைக் குழைய வடித்து, மோர் விட்டுப் பிசைந்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். சீக்கிரமே வலி போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாள் வலித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

வலி நின்றது குணமானதால் அல்ல என்றார் டாக்டர். உள்ளே பல்கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்சதை) செத்துப்போயிருந்தது. கிருமி மெல்லப் பரவி வேர் நுனியில் எலும்பை அரித்திருந்தது. முயன்று பார்க்கலாம், ஆறாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும் என்றார். மல்லிகாவின் முகம் சுருங்கியது.

ரூட் கெனால் என்றால் வேரையே தோண்டுவார்கள் என்று பயந்திருந்தேன். என்னைப் போலப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேர் அங்கேயேதான் இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பிகளால் உள்ளே அழுகியதை எடுத்துவிடுவார்கள். மருந்து வைத்துச் சுத்தம் செய்து, வெற்றிடத்தை நிரப்பி மூடுவார்கள். எனக்கு வாயை வெகுநேரம் திறந்து வைத்திருந்ததுதான் சிரமம்.

சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. பல் நிற்கும் என்றார் டாக்டர். மற்றப் பற்களின் நிறத்திலேயே உறை மாட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகா சொன்னாள்: “இனிமே வாய மூடாதீங்க. நீங்க மூடுறப்பெல்லாம் அன்னிக்கு நான் அடிச்சதுதான் ஞாபகம் வரும்.”

இத்தனை வருடமாக அவள் இதைச் சொன்னதே இல்லை.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மற்றப் பற்கள் கூசுகின்றன. அந்தப் பல்லுக்கு எதுவும் தெரிவதில்லை. என் கைக்கும் அப்படித்தான், பல் சரியானதே தெரியவில்லை. சிரிப்பு வந்தால் இன்னும் வாயை மூட எழுகிறது. அதற்கு மட்டும் இன்னும் ஹாப்சா காலம். மல்லிகா அதைப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். சில நேரம் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.