கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

கொச்சங்காடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் என் கணினியின் பவர் சப்ளை புகைந்துபோனது. புதிது வாங்க எர்ணாகுளம் கிளம்பியபோது கணவரும் கூடவே வந்தார். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் சரக்கின் தரம் பார்ப்பது அவர் வேலை.

கடைக்காரர் இரண்டு பவர் சப்ளைகளை எடுத்து வைத்தார். எத்தனை வருட வாரண்டி என்று நான் கேட்பதற்குள், கணவர் கைக்கு ஒன்றாகத் தூக்கி, கண்ணை மூடி எடை பார்த்தார்.

"இதை எடு. நல்ல கனம். உள்ள சரக்கு இருக்கு."

கடைக்காரரே பவ்யமாகத் தலையாட்டியதால் நானும் நம்பிவிட்டேன்.

அதன்பின் பெரிய படம் எதைத் திறந்தாலும் கணினி அணைந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் அழிந்து, பெண் வீட்டார் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மெக்கானிக் ஷாஜியை வரவழைத்தேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"பன்னிரண்டு வோல்ட் வேணும். பெரிய படம் திறந்து லோடு கேறினா பத்துக்கு இறங்குது சேச்சி" என்றவர், அதைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "இது கண்டோ!"

உள்ளே, கனத்துக்காகவே ஓர் இரும்புக்கட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள்.

மாலையில் கணவர் அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மிளகுல கல்லு கலந்தா தொட்டதும் சொல்லிடுவேன். என்கிட்டயேவா?" என்று புலம்பினார்.

இப்போதெல்லாம் வாரண்டியைப் படித்து, லோடு கொடுத்து வோல்ட் இறங்கவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன். கணவரைக் கூட்டிப்போவதில்லை.

அந்தப் பவர் சப்ளையில் உருப்படியான பாகம் அந்த இரும்புக்கட்டி ஒன்றுதான். இன்றும் என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.