பதினேழாம் கட்டத்து நீல ஊசி

குண்டூசியைப் பிடுங்குமுன் டொக்டர் தாரிகா இடது பெருவிரலைப் பலகையில் அழுத்தி வைப்பார். ஊசி வந்ததும் அதே விரலால் துளையைத் தேய்த்து மூடிவிட்டுப் புதிய கட்டத்தில் குத்துவார். பிறகு ஒரு அடி பின்னால் போய், நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். நூலக மேசையிலிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது பாம்பும் ஏணியும். பயிற்சி மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத ஊக்கம் பிறக்கட்டும் என்று எங்கள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு நூலகச் சுவரில் மாட்டியது. தரவு சேர்த்தால் ஏணி. அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தால் பாம்பு. ஆளுக்கொரு நிறத்தில் ஊசி. அவரவர் ஊசியை அவரவரே நகர்த்த வேண்டும்.

தாரிகா வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார். கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை பற்றி எழுதினார். கட்டுரை ஏற்கப்படாமல் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. பயிற்சிக் காலமோ முடிந்துகொண்டிருந்தது. சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் வந்து நீல ஊசியை இறக்கினார்.

“பாம்புக்கும் ஒங்களுக்கும் என்ன சொந்தம் தாரிகா?” என்றார் டொக்டர் ரிப்கான். அவருடைய சிவப்பு ஊசி தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

“மச்சாள் முறை. கூப்பிட்டால் போகாமல் இருக்கேலுமே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் துளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாத நீடிப்புக் கேட்டு விண்ணப்பித்தார். பிரிவுத் தலைவர் வரதராசா பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எல்லாரும் மேல நிக்கினம். நீங்கள் மட்டும் ஏன் பிள்ளை பதினேழில?”

“திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் சேர். பாம்பெண்டால் இறங்கத்தானே வேணும்.”

“இறங்கிறதே வேலையெண்டால், நான் மேலிடத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?”

நீடிப்புக் கிடைக்கவில்லை.

கடைசி நாள் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டு, “தம்பி, என்ர ஊசியைக் கழட்டட்டோ?” என்று கேட்டார். தலையாட்டினேன். அந்தத் துளையையும் தேய்த்துவிட்டுப் போனார். இப்போது கிருலப்பனையில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் தடிமன் காய்ச்சலுக்கு மருந்து எழுதுகிறார்.

அடுத்த வருடம் பலகையைக் கழற்றும்போது ஒரு பக்கத்தைப் பிடித்துத் தந்தவர் ரிப்கான்.

“இதப் பாத்தா அவங்கள அனுப்பினாங்க?” என்றார். “சும்மா கேம்தானே தம்பி. எங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஈக்கு, நான் எழுதவே தொடங்கல்ல. இதில இருந்த ஆக்கள்ள கட்டுரை எழுதி அனுப்பின ஒரே ஆள் தாரிகாதான்.”